துரட்டிக்கு எட்டும் கல்லூரி

ஜூன் 27, வெள்ளி

உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் அரிசி டிரம்மின் மேல் கிடந்தது. இன்று பேத்தி மிருதுளாவுக்கு இன்ஜினியரிங் ரேங்க் வந்திருக்கிறது. அதனால் தூசி தட்டி எடுத்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுதுவேன், இங்கிலீஷ் தெரியாது. நினைவில் மட்டும் என்னை யாரும் அடிக்க முடியாது. என் கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பில்லை என்று சொன்ன பதினொரு பேரின் பெயரையும் இப்போது கேட்டாலும் சொல்வேன். நாலு பேர் செத்துப் போனார்கள். மீதி ஏழு பேர் வீட்டு விசேஷத்துக்கு இன்றுவரை போனதில்லை.

மிருதுளாவின் கட்ஆஃப் 196.5. அடுத்த வீட்டுத் தரணிதரனுக்கு 197. அரை மார்க். அவன் குப்பாத்தாளின் பேரன். எங்கே போய் அரை மார்க் கூட வாங்கியிருக்கிறான் பாருங்கள்.

ஜூன் 30, திங்கள்

முருங்கை பறிக்க ஆள் வரவில்லை. நானே துரட்டியோடு போனேன். மிருதுளா கூட வந்து கல்லூரி விஷயத்தை விளக்கினாள். பறித்துக்கொண்டே கேட்டதால் சுலபமாகப் புரிந்தது.

கல்லூரியில் மூன்று தினுசாம். துரட்டி போட்டு எக்கினால் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்பது ஒன்று. நின்ற இடத்தில் கைக்கு எட்டுவது இரண்டாவது. காலடியில் விழுந்து கிடப்பது மூன்றாவது, குனிந்தால் போதும். அவளுக்குத் துரட்டிக்கு எட்டுவது சென்னைக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். போன வருசம் நம் பிரிவுக்கு அது 197-ல் முடிந்தது. கைக்கு எட்டுவது கோயமுத்தூர், 194.5. காலடியில் கிடப்பது நம் பஸ் ரோட்டுக் கல்லூரி. அதன் பஸ் நம் தெருமுக்கிலேயே நிற்கும்.

இந்தப் பெண் ஆறாம் வகுப்பிலேயே என் ரேடியோவைப் பிரித்துப் போட்டவள். மறுபடி பூட்டியபோது முன்னைவிட நன்றாகப் பாடியது. திட்டக்கூட வாய்ப்புக் கொடுக்கவில்லை.

ஜூலை 2, புதன்

எழுபது கல்லூரிகளின் போன வருசக் கணக்கை மிருதுளா சத்தமாகப் படித்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். சாயங்காலம் அவள் சோதித்துப் பார்த்ததில் எல்லாம் சரியாகச் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்டார்கள். சொன்னேன். குப்பாத்தாள் நாலு ஆள் தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஜூலை ஆறு. இதை எழுதாமல் விட மாட்டேன்.

ரெண்டாயிரமாவது வருசம் இதே தேதி, வியாழக்கிழமை. என் மகள் வசந்தாமணி பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தாள். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் பட்டியல் போடும் வேலை கிடையாது. சென்னையிலிருந்து தபாலில் அழைப்பு வரும், அந்தத் தேதிக்கு நேரில் போய் நிற்க வேண்டும்.

குப்பாத்தாள் என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் நங்கை என்று கூப்பிட வேண்டிய உறவு. தன் மகனுக்கு வசந்தாவைக் கட்டிக் கொடுக்கச் சொல்லி அந்த வைகாசியில் கேட்டாள். படிக்கட்டும் என்றேன். பொட்டப்பிள்ளைக்குச் சென்னை எதற்கு என்றாள். சுண்டைக்காய் வற்றல் மென்றுகொண்டே சொன்னாள்.

ஆறாம் தேதி தபால்காரர் மாரப்பன் பதினொன்றே காலுக்கு வந்தார். சைக்கிளில் முன் சக்கரத்துக்கு மட்கார்டு இல்லை. எனக்கு ஒரு இன்சூரன்ஸ் கவர் கொடுத்தார். பழுப்பு நிறம், நீளமானது, முழுக்க இங்கிலீஷ். என் வீட்டுக்காரர் முருங்கை லோடோடு சென்னை போயிருந்தார். வந்ததும் காட்டலாம் என்று முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். மாரப்பன் அங்கிருந்து நேராக நங்கை வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்து வெகுநேரம் பேசினார். பிறகுதான் கிளம்பினார்.

வசந்தாவைக் கூப்பிட்டிருந்த தேதி பதினொன்று. எங்களுக்கு அது தெரிந்தது பதினெட்டாம் தேதி, அதுவும் அவள் சிநேகிதி சொல்லித்தான். அழைப்பு எங்கே போனது? தண்ணீர் குடித்த வீட்டுக்குத்தான் போயிருக்கும். நடுத்தெருவில் நின்று கேட்டேன். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாள். பொய்ச் சத்தியம் செய்கிறவளோடு இனி பேச்சில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்தைந்து வருசம் முடிந்தது. வசந்தா இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். அடுத்தவர் ரத்தம்.

இதை இன்று மத்தியானம் மறுபடியும் சொன்னேன். வசந்தா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். பாவம், அவளால் இன்னும் தாங்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

புளி தட்டிக் கொட்டை எடுத்தேன். இடுப்பு வலி.

ஜூலை 11, வெள்ளி

பட்டியலில் எதை மேலே எழுதுவது என்று இன்று சொல்லிக் கொடுத்தாள். எனக்குத் தலைகீழாகத்தான் தோன்றியது. நிச்சயம் கிடைப்பதை முதலில் எழுதிக்கொண்டு, ஆசைப்பட்டதைப் பிறகு எழுதுவதுதானே புத்தி? அப்படி இல்லையாம். கம்ப்யூட்டர் நம் பட்டியலை மேலிருந்து படித்து வருமாம். நம் மார்க்குக்கு இடமிருக்கும் முதல் கல்லூரியைக் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்திவிடுமாம். கீழே என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்க்கவே பார்க்காதாம். ஆகவே ஆசைப்பட்டதை மேலே எழுதினால் நஷ்டமே இல்லை, கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு இறங்கும். காலடியில் கிடப்பதை மேலே எழுதினால் அதைக் கையில் திணித்து அனுப்பிவிடும். முதல் இடத்தில் எழுதியது கிடைத்துவிட்டதால், அடுத்த சுற்றில் மேலே போகவும் வழியில்லை.

பயந்த பிள்ளைகள் நிறையப் பேர் இதில் கெட்டுப் போகிறார்களாம்.

இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மனசில் உட்கார்ந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

வந்தாள். இருபத்தைந்து வருசம் கழித்து என் கேட்டைத் திறந்துகொண்டு அவளாகவே வந்தாள். மிருதுளா கல்லூரிக் கணக்குப் பாடத்துக்கு முன்கூட்டியே டியூசன் போயிருந்தாள், வசந்தா ஞாயிறு ஷிஃப்ட். நான் மட்டும் இருந்தேன்.

படியில் நின்றபடியே பேசினாள்.

"நாச்சா, நான் உங்கிட்ட ஒறவாட வல்ல. பையனுக்கு ஒரு சங்கதி கேக்கோணும். ஊரே உன்னக் கேக்குது."

கேளுங்க என்றேன். உட்காரச் சொல்லவில்லை. தரணிக்கும் அதே சென்னை, அதே எலக்ட்ரானிக்ஸ்தான் ஆசையாம். பஸ் ரோட்டுக் கல்லூரி எப்படியும் கிடைக்குமாம். எதை மேலே போடுவது என்று கேட்டாள்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருசமாக யோசித்து வைத்திருந்தது போல வாயில் வந்தது.

"உறுதியாக் கெடைக்கிறத மேல போடச் சொல்லுங்க. கைல ஒண்ணு இருந்தாத்தான் மத்ததுக்குத் தெம்பு."

என் முகத்தையே பார்த்தாள். அப்படியா என்றாள். அப்படித்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அவள் போனபிறகு வாசல்படியைக் கழுவிவிட்டேன்.

அவன் பஸ் ரோட்டில் படிக்கட்டும். தினமும் அந்தப் பஸ் தெருமுக்கில் நின்று அவனை ஏற்றிக்கொண்டு போவதை அவள் வாசலில் நின்று பார்க்கட்டும். இன்னொன்றும் இருக்கிறது. அவன் சென்னைக்குப் போகாவிட்டால் அங்கே ஒரு இடம் மிச்சம். அரை மார்க் பின்னால் யார் நிற்கிறார்கள்?

மத்தியானம் இரண்டு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். புதன் சாயங்காலம் ஐந்து மணி வரை மாற்றலாம், கடைசியில் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கான ஆறு இலக்க எண் என் போனுக்குத்தான் வரும். வசந்தா வேலையில் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். மிருதுளா சென்னையை முதலில் எழுதினாள், அதன் கீழே கோயமுத்தூர். நாற்பத்தொரு பெயர் எழுதினாள். பஸ் ரோட்டுக் கல்லூரி நாற்பத்தொன்றாவது.

தரணி நேற்று டியூசனில் இவளிடம் கணக்கு நோட்டு வாங்கினானாம், நல்லவனாம். யாரையும் நல்லவன் என்று சொல்லும் வயசில்லை உனக்கு என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

தூக்கம் நன்றாக வந்தது. இதை எழுதுவதற்குக் காரணம், வரவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஜூலை 16, புதன்

வசந்தா மத்தியானம் மூன்று மணிக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, குப்பாத்தா அத்தை சக்கரை டெஸ்டுக்கு வந்திருந்தாங்க. உறுதியாக் கெடைக்கிறத மேல போடச் சொன்னது நீங்கதானாம். அப்புறம் நம்ம புள்ளைக்கு மட்டும் அது ஏன் அடீல கெடக்குது?"

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உருவிக்கொண்டே இருந்தேன்.

மிருதுளா லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். அமுச்சி அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கம்மா, அவங்களுக்கு இது தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன் என்றாள். வசந்தா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் முகத்தில் பயம் மட்டும்தான் இருந்தது. ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக் கையில் இருந்ததும் போனது போதும் என்றாள். பஸ் ரோட்டை மேலே கொண்டுவரச் சொன்னாள். மிருதுளா மாட்டேன் என்றதும் லேப்டாப்பைப் பிடுங்கித் தானே மாற்றினாள். உங்கமுச்சி கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பூட்டும் பட்டனைத் தட்டினாள்.

என் போன் சத்தம் போட்டது. ஆறு இலக்கம்.

"நம்பரச் சொல்லுங்கம்மா."

எழுபது கல்லூரிக் கணக்கு சொன்ன வாய். அந்த ஆறு எண்ணும் கண்ணெதிரே இருந்தது. சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

"பழையபடியே மாத்து. இது தப்பு," என்றேன்.

"தப்புன்னா அத்தைக்கு ஏன் சொன்னீங்க?"

"கெட்டுப் போகட்டும்னுதான்."

மிருதுளா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். தரணியா என்று மட்டும் கேட்டாள். அவன் என்ன பண்ணினான் அமுச்சி என்றாள். அவன் ஒன்றும் பண்ணவில்லை, அவன் அப்பத்தா உன் அம்மாவின் அழைப்பை ஒளித்தவள் என்றேன்.

வசந்தா தரையில் உட்கார்ந்தாள். செருப்போடு. வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"அவங்க ஒளிக்கலம்மா. ரெண்டாயிரத்தி மூணுல வெள்ளையடிக்கறப்ப முருகன் படத்த எறக்குனது நான். அதுக்குப் பொறவுலதான் இருந்துது. பிரிக்கக்கூட இல்ல."

அது இன்சூரன்ஸ் கவர் என்றேன்.

"என்ற பேரு போட்டிருந்துதும்மா."

இங்கிலீஷில் போட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? இதை நான் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டேன். நடுத்தெருவில் நின்று அத்தனை பேச்சுப் பேசிவிட்டு வந்திருந்தீங்க, அப்புறம் எப்படிச் சொல்றது என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

மிருதுளா பட்டியலைப் பழையபடி மாற்றினாள். இந்தத் தடவை வந்த எண்ணைச் சொன்னேன். பூட்டினாள். மணி நாலாகப் பத்து நிமிசம். பிறகு, தரணி போன் எடுக்கமாட்டேங்கறான் என்று சொல்லி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீரைக் காம்பெல்லாம் மடியில் இருக்க, அப்படியே எழுந்து போனேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் முப்பது அடி. குப்பாத்தாள் உள்ளே விசிறிக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பையன் பக்கத்தில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தான்.

நின்றபடியே சொன்னேன். "நான் சொன்னது தப்பு. ஆசப்பட்டத மேல போடு சாமி. சீக்கிரம் மாத்து, அஞ்சு மணி வரைக்குந்தான்."

பையன் அப்பத்தாவைப் பார்த்தான். அவள் சிரித்தாள். பல் இரண்டுதான் மிச்சம், இருந்தும் அப்படி ஒரு சிரிப்பு.

"அவன் சென்னையத்தான் மேல போட்டு வெச்சிருக்கறான். காலைலயே பூட்டியாச்சு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் அதை மேலே போடு என்றாராம், இன்னொருவர் இதை மேலே போடு என்றாராம். யாரை நம்புவது என்று இரண்டு நாள் குழம்பினாளாம்.

"அப்பறந்தான் ரோசன வந்துது. நாங்க கெட்டுப் போகோணும்னு நெனைக்கற ஒருத்தியக் கேட்டா வெளங்கிப்போகும்னு உங்கிட்ட வந்தேன். நீ சொன்னத அப்படியே தலகீழாப் போடச் சொல்லிட்டேன்."

"வசந்தாகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"உன்ற ஊட்லயும் அதயே மேல போட்டிருக்கறீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான். இல்லீன்னு அவ மொகத்துலயே தெரிஞ்சுது. செரியாத்தான் போட்டிருக்கறோம்னு நிம்மதியா வந்து காலை நீட்டிட்டேன்."

திரும்பி வந்தேன். வழியில் கீரைக் காம்பு சிந்தியது. இவள் என்னை விளக்குமாறு மாதிரி எடுத்துப் பெருக்கிவிட்டு மூலையில் வைத்துவிட்டாள். ஆத்திரத்தில் காது அடைத்தது. இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: ஜூலை 16, சோளப்பொரி, விசிறி, இரண்டு பல்.

அந்தக் கவரைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி அவள் நடந்துகொள்ளவில்லை.

ஜூலை 17, வியாழன்

வீட்டில் யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஒதுக்கீடு வந்துவிட்டது. தரணிக்குச் சென்னை, எலக்ட்ரானிக்ஸ். இந்த வருசமும் நம் பிரிவுக்கு 197-லேயே முடிந்தது. கடைசி இடம் அவனுடையதாம். அவனுக்குப் பின்னால் முதலில் நின்றது மிருதுளா.

அவன் பஸ் ரோட்டுக்குப் போயிருந்தால் அது இவளுக்கு விழுந்திருக்கும். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இவளுக்குக் கோயமுத்தூர். நான் எதிர்பார்த்தது போல அழவில்லை. லேப் பெரியதாக இருக்குமாம், படம் காட்டினாள். தரணிக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னாள். வசந்தா அவளைக் கட்டிக்கொண்டு நின்றாள், விடவே இல்லை. கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள்.

நான் பக்கத்தில் போனேன். காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

கல்லூரியில் சேரச் சான்றிதழ் எல்லாம் எடுத்து அடுக்கினார்கள். வசந்தாவின் தகரப்பெட்டியில் அடியில் அது இருந்தது. பழுப்பு, நீளம். ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. மாரப்பன் கொடுத்தபோது ஒரு மூலை மடங்கியிருந்தது. அதே மூலை.

அந்தக் கவரைப் பற்றி இன்ன நிறம், இன்ன நீளம், இன்ன நேரம் என்று அத்தனையும் சரியாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு நங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மகன் லோடு ஓட்டப் போயிருந்தான். அவளும் பையனும் இருந்தார்கள். கவரை அவள் கையில் கொடுத்தேன். அவளும் இங்கிலீஷ் படிக்காதவள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன காயிதம் இது என்றாள்.

இன்சூரன்ஸ் என்று சொல்லிவிடலாம். வாயில் வந்துவிட்டது.

"தரணியப் படிக்கச் சொல்லுங்க நங்கை," என்றேன்.

அவன் பிரித்தான். இருபத்தைந்து வருசத்தில் முதல் தடவை பிரிக்கப்பட்டது. எங்க வசந்தா அத்தைக்கு வந்த அழைப்பு, ஜூலை பதினொன்று காலை ஒன்பது மணிக்குச் சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறது என்றான். எங்கே இருந்தது என்று கேட்டான். எங்கள் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் என்றேன்.

குப்பாத்தாள் கடுதாசியைப் பையன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியம் செய்த அன்று அவள் கட்டியிருந்தது ஊதாச் சேலை. யாரும் அவள் பக்கம் நிற்கவில்லை, அவள் தம்பிகூட. அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

கடுதாசியை மடித்துக் கவரில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீ இருபத்தஞ்சு வருசம் பேசாம இருந்தே. இனி என்ற மொற. இன்னைல இருந்து இருபத்தஞ்சு வருசம் நான் பேசமாட்டேன். போ."

அவளுக்கு எழுபத்தொன்று.

ஜூலை 21, திங்கள்

குழாயடியில் பார்த்தேன். பேசவில்லை.

ஜூலை 24, வியாழன்

முருங்கைக்காய் பத்து தரணியிடம் கொடுத்தனுப்பினேன். உச்சியிலிருந்து துரட்டி போட்டுப் பறித்த பிஞ்சு. திருப்பி அனுப்பவில்லை. பேசவும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

மிருதுளா கோயமுத்தூர் கிளம்புகிறாள் என்று தெருவே வந்தது. குப்பாத்தாளும் வந்து அவளுக்கு விபூதி பூசினாள், வசந்தாவின் கன்னத்தை வழித்தாள். வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றாள். தரணியைக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படி அவனிடம் சொன்னாள். முருங்கைக்காய் சாம்பாரில் உப்பு கம்மி என்று மிருதுளா அமுச்சிகிட்டச் சொல்லு என்றாள்.

சாம்பார் வைத்தது அவள். காய் மட்டும்தான் நான் கொடுத்தது.

பன்னிரண்டாவது பெயர்.

நாளைக்கு இன்னும் பத்து காய் அனுப்ப வேண்டும். இருபத்தைந்து வருசத்தில் ஏழு நாள் போயிற்று.